வெட்டுக்கத்தி நீங்களே செய்கிறீர்களா? பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலாற்றில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தைக் கழிக்கவும், குடியாத்தம் பக்கத்துத் தோப்புகளில் தென்னை மட்டை வெட்டவும் கனமில்லாத நீளக் கத்தி ஒன்று வேண்டும். கடைக் கத்தி பிடிக்காமல் சொந்தமாகச் செய்ய இறங்குபவர்கள் நிறைய பேர். செய்த கத்தி ஒடிந்தால் உடனே "இரும்பு சரியில்லை" என்பார்கள். பெரும்பாலும் இரும்பு நல்ல இரும்புதான். தீயில் காட்டிய அவசரம்தான் அதைக் கெடுத்திருக்கும்.

இரும்பையே தப்பாக எடுப்பதும் உண்டு. வெல்டிங் கடையில் கிடைக்கும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், மென்மையான இரும்பு) பட்டையில் கார்பன் 0.25 சதவீதத்துக்குள்தான் இருக்கும். எத்தனை முறை எண்ணெயில் முக்கினாலும் அது கத்திக்கு வேண்டிய அளவு இறுகாது. கட்டடம் தாங்குகிற டி.எம்.டி. கம்பி கத்திக்கும் ஆகும் என்று நினைக்க வேண்டாம். 500 ரகக் கம்பியில் கார்பனுக்கு உச்ச வரம்பே 0.30 சதவீதம். ஓட்டல் பாத்திரத்து 304 ஸ்டெயின்லெஸ், காய்ச்சி முக்குவதால் இறுகுகிற ரகமே அல்ல. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை உலையில் வைத்தால் துத்தநாகப் புகை நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். காட்பாடி போல ஜங்ஷன் இருக்கும் ஊரில் தண்டவாள கிளிப்பு மலிவாக வந்தால் தொடாதீர்கள். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டம் திருடியவரோடு, வைத்திருப்பவர் மேலும் பாயும்.

பெங்களூரு நெடுஞ்சாலை வேலூரை ஒட்டிப் போவதால் நமக்குப் பழைய லாரிப் பட்டைக்கு, அதாவது வண்டிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கு, பஞ்சமில்லை. கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம், அடி தாங்கும். ஆனால் பெரிய லாரிப் பட்டை 10 மி.மீ.க்கு மேல் தடிமன். அதை 3 மி.மீ.க்குக் கொண்டுவருவதற்குள் கை போய்விடும். ஜீப், ஆம்னி மாதிரி சின்ன வண்டிப் பட்டையே மேல். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம். துருவைத் தேய்த்து மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியைத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். நடு போல்ட் ஓட்டைப் பக்கம் வெட்டி ஒதுக்கிவிடுங்கள்.

என்ன ரகம் என்று தெரியாத இரும்பா? ஒரு துண்டை மட்டும் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, அரம் போட்டுப் பாருங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் இறுகியிருக்கிறது. அதையே வைஸில் பிடித்து ஒடித்து, உடைந்த முகத்தையும் பாருங்கள். பட்டுப் போல மெல்லிய சாம்பல் நிறம் என்றால் சூடு சரி. சர்க்கரைக் குருணை மாதிரி மினுங்கினால் அதிகம்.

சூட்டைக் கண்ணால் கணிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேலூர் வெயிலில் எந்தச் சிவப்பும் மங்கலாகத்தான் தெரியும், அதனால் இன்னும் இன்னும் ஊதுவார்கள். இந்த வேலையை நிழலில், பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தம் ஒட்டாமல் போகும். அதோடு நிறுத்தினால் போதாது, அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். சிலிக்கான் கலந்த பட்டைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். அடித்து முடித்ததும் நேராகத் தோய்ச்சலுக்கு (காய்ச்சி எண்ணெயில் முக்குவதற்கு) போகாமல், இரண்டு மூன்று முறை காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால் அடித்ததில் ஏறிய இறுக்கம் விடும், நெளிவும் குறையும்.

தண்ணீரில் தோய்ப்பது தாத்தா காலத்துப் பழக்கம். லாரிப் பட்டைக்கு ஒத்துவராது, "டிக்" என்று ஒரு சத்தம், கத்தியின் வாயில் (வெட்டும் விளிம்பில்) வெடிப்பு. 55 டிகிரி வரை சூடாக்கிய கடலை எண்ணெய் போதும். வடை சுட்ட எண்ணெயை வடிகட்டியும் வைக்கலாம், தண்ணீர் ஒரு சொட்டும் கலந்திருக்கக் கூடாது. பழைய என்ஜின் ஆயில் வேண்டாம், அதன் புகை நஞ்சு. முழுக் கத்தியும் முழுகும் இரும்புக் குழாயும் அதை மூட ஒரு மூடியும் கட்டாயம். பிளாஸ்டிக் வாளி வைத்தால் தீ விபத்துதான். நேராக இறக்கி மேலும் கீழும் அசையுங்கள், பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். வாயை அதற்கு முன்பே கூராக்கிவிடாமல் ஒரு மி.மீ. தடிமனுக்குக் குறையாமல் விட்டு வையுங்கள்.

இதற்குப் பிறகுதான் பெரிய தவறு. அரம் வழுக்குகிறது, வேலை முடிந்தது என்று பிடி போட்டுவிடுகிறார்கள். அந்த நிலையில் கத்தி கண்ணாடி. கருவேலக் கணுவில் ஒரு போடு போட்டால் பாதி கையில் நிற்கும், மீதி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததுமே டெம்பரிங் செய்ய வேண்டும், அதாவது மிதமாக மறுபடி சூடேற்றி ஒடியும் தன்மையைக் குறைக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் சும்மா இருக்கும்போதே வெடிக்கலாம். சமையல் கத்திக்கு 200 டிகிரி பக்கம் போதும். ஓங்கி வெட்டும் கத்திக்கு 260 முதல் 290 வரை, ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை வேண்டும். கேக் சுடும் ஓவன் பலவும் 250-இல் நின்றுவிடும், நீளக் கத்தி உள்ளே நுழைவதும் சந்தேகம். அப்போது பளபளவென்று தேய்த்து, முதுகுப் பக்கமிருந்து மெல்லச் சூடேற்றி நிறம் பாருங்கள்: முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். வாய் ஊதாவில் நிற்க வேண்டும், முதுகு நீலமானால் நல்லதுதான். கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும். சரி, தோப்பிலேயே அரம் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக கிரைண்டர். மெலிந்த வாய் நொடியில் சூடேறும். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனையுங்கள், வெறுங்கையால் பிடித்து வேலை செய்தால் சூடு உடனே தெரியும். வாய் நீலத்தையும் தாண்டிச் சாம்பலாகிவிட்டால் அந்த இடம் இளகிவிட்டது. கொஞ்சம்தான் என்றால் அரைத்து எடுத்துவிடலாம், நீளமாகப் போயிருந்தால் மறுபடி உலைக்குத்தான்.