17(ஆ) குறிப்பாணை வந்தால் விளக்கம் எழுதுவது எப்படி?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகள் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின்படி நடக்கின்றன. குற்றச்சாட்டுகளைச் சொல்லி உங்கள் விளக்கத்தைக் கேட்டு வரும் அலுவலகக் கடிதம்தான் குறிப்பாணை. அது கைக்கு வந்ததும், அந்த விதிகளில் 17(அ)-வின்படி வந்ததா, 17(ஆ)-வின்படி வந்ததா என்று முதலில் பாருங்கள். கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கானது 17(அ). அதில் எழுத்துமூல விளக்கத்தோடு பெரும்பாலும் முடிவு செய்துவிடுவார்கள். பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை போகக்கூடியது 17(ஆ). அலுவலகங்களில் ‘17 பி’ என்று சொல்வது இதைத்தான். ஊதிய உயர்வைத் தொடர்விளைவுடன் (அதாவது பின்வரும் ஆண்டுகளின் ஊதியத்தையும் பாதிக்கும்படி) நிறுத்துவது பெருந்தண்டனைதான், அதற்கு முறையான விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் குல்வந்த் சிங் கில் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே வந்தது 17(அ) என்றாலும் அலட்சியம் கூடாது.

குறிப்பாணையை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் பதிவு அஞ்சலில் வரும், அல்லது வீட்டுக் கதவில் ஒட்டப்படும். அதன்பின் நீங்கள் இல்லாமலே விசாரணை நடக்கவும் வழி பிறக்கும். தேதியிட்டுக் கையொப்பமிட்டு வாங்குங்கள். விளக்கம் தர எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அந்தத் தேதியிலிருந்து கணக்கிடுங்கள். பெரும்பாலும் 15 நாள் இருக்கும்.

இணைப்புகளைச் சரிபாருங்கள். வழக்கமாக நான்கு இருக்கும்: குற்றச்சாட்டுகள், அவற்றுக்கு அடிப்படையான விவர அறிக்கை, ஆவணப் பட்டியல், சாட்சிகள் பட்டியல். பட்டியலில் உள்ள ஆவணத்தின் நகல் கூடவே வரவில்லை என்றால், விளக்கம் எழுதுவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தனிக்கடிதம் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஆவணமும் உங்களுக்குத் தேவைப்படலாம். அப்போது ஒவ்வொன்றுக்கும் எதிரே அது ஏன் தேவை என்று ஒரு வரி எழுதுங்கள். ‘அலுவலகக் கோப்புகள் அனைத்தும் வேண்டும்’ என்று மொத்தமாகக் கேட்டால் நிராகரிப்பது எளிது. ‘2022 மார்ச் மாதப் பணப் பதிவேடு, அம்மாதம் பொறுப்பில் இருந்தவர் யார் என்பதைக் காட்டுவதற்காக’ என்று கேட்டால் காரணம் சொல்லாமல் மறுக்க முடியாது. மறுத்தால், அந்த மறுப்புக் கடிதமே பின்னாளில் உங்கள் தரப்புக்கு வலுச் சேர்க்கும். காலநீட்டிப்பும் இதே கடிதத்தில், கெடு முடிவதற்கு முன்பாகவே, கேட்க வேண்டும். எதையும் வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

விளக்கத்தின் அமைப்பு

குற்றச்சாட்டு வாரியாகவே எழுதுங்கள். முதல் குற்றச்சாட்டை அப்படியே எடுத்தெழுதி, கீழே மூன்றைப் பிரியுங்கள்: எது உண்மை, எது உண்மையில்லை, எதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. உதாரணமாக, ரூ. 18,400 தகுதியில்லாத ஒருவருக்குப் பட்டுவாடா ஆனது என்பது குற்றச்சாட்டு என்று வைத்துக்கொள்வோம். பணம் வழங்கும் பட்டியல் (பில்) உங்கள் கையொப்பத்தோடு போனது உண்மையானால் ஒப்புக்கொள்ளுங்கள். தகுதியைச் சரிபார்ப்பது எந்த இருக்கையில் (பிரிவில்) இருப்பவரின் வேலை என்பதைப் பணிப் பங்கீட்டு ஆணையின் எண், தேதியோடு காட்டுங்கள். தவறு தெரிந்த நாளில் நீங்கள் எழுதிய குறிப்பு இருந்தால் அதன் நகலை இணையுங்கள். இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் அடங்கும். பத்துப் பக்கப் புலம்பலைவிட இந்த ஒரு பக்கத்துக்கு எடை அதிகம்.

அடிக்கடி நேரும் பெரிய தவறு கடைசிப் பத்தியில்தான் இருக்கிறது. முதல் பத்தியில் எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, ‘இனி இவ்வாறு நேராது, இம்முறை மன்னிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிப்பார்கள். பணிவுக்காக எழுதிய அந்த வரி ஒப்புதலாகப் படிக்கப்படும். மறுப்பதானால் மறுப்பில் நில்லுங்கள். உண்மையிலேயே கவனக்குறைவு என்றால், கவனக்குறைவு என்றே எழுதுங்கள். அதை நேர்மைக்குறைவு என்ற குற்றச்சாட்டோடு சேர்ந்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின் 20(1)-ஐ மீறியதாகக் கிட்டத்தட்ட எல்லாக் குறிப்பாணைகளும் சொல்லும். அந்த விதியில் நேர்மையும் கடமையில் ஈடுபாடும் சேர்ந்தே வருகின்றன. உங்கள் மீது எது சுமத்தப்படுகிறது என்று பிரித்துக் கேட்பது உங்கள் உரிமை.

தேதி, இடம், தொகை இல்லாத குற்றச்சாட்டு என்றால், ‘தெளிவற்றது, பதிலளிக்க இயலவில்லை’ என்று எழுதி விவரம் கேளுங்கள். பல ஆண்டுகள் கழித்து வந்த குறிப்பாணை என்றால், எத்தனை ஆண்டு தாமதம், அதனால் எந்த ஆவணம் அழிந்தது, எந்தச் சாட்சி இல்லாமல் போனார் என்பதைக் குறிப்பிடுங்கள். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் தொடர்பான பி. வி. மகாதேவன் வழக்கில் 10 ஆண்டுத் தாமதத்துக்காக உச்ச நீதிமன்றம் 2005-இல் நடவடிக்கையை ரத்து செய்தது. ஆனால் இதை நம்பி விளக்கமே கொடுக்காமல் நேராக நீதிமன்றம் போவது சரியல்ல. குறிப்பாணை நிலையிலேயே தலையிட நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்கும்.

கடைசியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: வாய்மொழி விசாரணை வேண்டுமா, நேரில் கேட்கப்பட வேண்டுமா, இரண்டுமா. விதியே இதைக் கேட்கிறது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விரும்பினால் வாய்மொழி விசாரணை வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

செய்யவே கூடாதவை சில உண்டு. விடுபட்ட பதிவை இப்போது பதிவேட்டில் எழுதிச் சேர்க்காதீர்கள். பழைய தேதியிட்டுக் குறிப்பு தயாரிப்பது கவனக்குறைவு வழக்கை மோசடி வழக்காக மாற்றிவிடும். சாட்சிப் பட்டியலில் இருக்கும் கீழ்நிலைப் பணியாளரிடம் வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து சிபாரிசுக் கடிதம் கொண்டுவருவது தனியாகவே ஒரு நடத்தை விதி மீறல். கணக்கில் குறையும் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றச்சாட்டு தானாக மறையும் என்பதும் தவறான நம்பிக்கை. தண்டனையின் அளவைக் குறைக்க மட்டுமே அது உதவலாம். அதே விஷயத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கும் இருந்தால், விளக்கத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் குற்றவியல் நீதிமன்றத்தில் பேசும். குற்ற வழக்கின் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம்.

விசாரணை முதல் மேல்முறையீடு வரை

விசாரணையில் ஆவணத்தை மேசைமேல் வைத்தால் மட்டும் அது நிரூபணம் ஆகாது. அதைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒருவர் வர வேண்டும். ரூப் சிங் நேகி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. சாட்சியே வராமல் ஆவணம் சான்றாகக் குறியிடப்பட்டால், அந்த இடத்திலேயே ஆட்சேபணை எழுதிக் கொடுங்கள். விசாரணை அலுவலரே துறையின் சார்பில் கேள்வி கேட்டு வழக்கை நடத்தினாலும் அப்படியே செய்யுங்கள். பின்னால் உயர் நீதிமன்றம் சாட்சியத்தை மீண்டும் எடைபோடாது, நடைமுறையைத்தான் பார்க்கும். அன்று பதிவு செய்யாத ஆட்சேபணையை அங்கே நிலைநாட்டுவது கடினம்.

தண்டனைக்கு முன் விசாரணை அறிக்கையின் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 1993 கருணாகர் தீர்ப்பு அதை உறுதி செய்தது. விசாரணை அலுவலர் உங்களைக் குற்றமற்றவர் என்று சொல்லியும் மேலதிகாரி உடன்படவில்லை என்றால், உடன்படாத காரணத்தையும் தெரிவித்து உங்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும்.

தற்காலிகப் பணிநீக்கத்தில் (சஸ்பென்ஷனில்) இருப்பவர், அந்தக் காலத்தில் வாழ்வதற்காகத் தரப்படும் பிழைப்பூதியத்தை மாதந்தோறும் கேட்டு வாங்க வேண்டும். வேறு வேலை பார்க்கவில்லை என்ற சான்றை நேரத்தில் கொடுக்காததால்தான் பலருக்கு அது நின்றுபோகிறது. மூன்று மாதம் ஆகியும் குறிப்பாணை வரவில்லை என்றால், உச்ச நீதிமன்றத்தின் 2015 அஜய் குமார் சௌத்ரி தீர்ப்பைக் காட்டி மீளப் பணியமர்த்தக் கோரி மனு கொடுக்கலாம்.

தண்டனை ஆணை கிடைத்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதில் புதுக் கதை தொடங்காதீர்கள். விளக்கத்தில் நீங்கள் எழுப்பிய எந்தக் கேள்விக்கு ஆணையில் பதில் இல்லை என்பதைப் பத்தி எண்ணோடு காட்டி, முத்திரையிட்ட பழைய நகல்களை வரிசையாக இணையுங்கள்.