ஐசாக்ஸீசிஸ்: ஒரு வெள்ளரிப் பிஞ்சை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

வாயில் நுழையாத சொல்தான், ஆனால் விஷயம் எளிது. கிரேக்கத்தில் ஐசோஸ் என்றால் சமம், ஆக்ஸீசிஸ் என்றால் வளர்ச்சி. ஒரு காயின் நீளமும் அகலமும் ஒரே வீதத்தில் கூடிக்கொண்டு போனால், அதாவது பிஞ்சில் இருந்த அதே சாயலிலேயே காய் பெருத்தால், அது ஐசாக்ஸீசிஸ். அகலத்தை நீளம் முந்தினால் டாக்கியாக்ஸீசிஸ், பின்தங்கினால் பிராடியாக்ஸீசிஸ். இந்தப் பெயர்களை இப்போது யாரும் அதிகம் சொல்வதில்லை, இப்படி வளர்ச்சி வீதங்களை ஒப்பிடுவதற்கு உயிரியலாளர்கள் ஹக்ஸ்லியும் டெய்சியரும் 1936-இல் வைத்த அல்லோமெட்ரி என்ற பெயர்தான் நிலைத்துவிட்டது.

சரி, உங்கள் செடியில் நடப்பது எது என்று பார்க்க ஒரு அளவுகோலும், கொஞ்சம் நூலும், லாக் (மடக்கை) பொத்தான் உள்ள கால்குலேட்டரும் போதும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் ரொம்ப நல்லது.

வெள்ளரியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண் பூ மலரும் முன்பே அதன் அடியில் குட்டிக் காய் தெரியும் (ஆண் பூவுக்கு வெறும் காம்புதான்), அதனால் அளவை முதல் நாளிலிருந்தே எடுக்கலாம். நாலைந்து பிஞ்சுகளின் காம்பில் தளர்வாக நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒன்றே ஒன்றை நம்பி உட்கார்ந்தால், மகரந்தம் சேராமல் அது மஞ்சளாகி உதிர்ந்துபோகும், நான் முதல் முறை அப்படித்தான் ஒரு வாரக் கணக்கைத் தொலைத்தேன். அப்புறம் தினமும் ஒரே நேரத்தில், அதே பிஞ்சின் நீளத்தையும் தடித்த இடத்தின் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள். காய் வளைந்திருந்தால் நடுவாக்கில் நூலை ஓட்டி, அந்த நூலை அளக்கவும்.

'அதே பிஞ்சு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே நாளில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று வெவ்வேறு காய்களைப் பறித்து அளந்தாலும் ஒரு எண் கிடைக்கும், ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். நீடம், லெர்னர் என்ற இரு உயிரியலாளர்கள் 1940-இலேயே இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார்கள்: ஒரே உயிர் வளரும்போது பார்ப்பது ஹெட்டராக்ஸீசிஸ், வெவ்வேறு உயிர்களை ஒப்பிடுவது அல்லோமார்ஃபோசிஸ்.

இனி கணக்கு. எல்லாரும் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் கண் கூடுதலைப் பார்க்கும், வளர்ச்சியோ மடங்கில் நடக்கும். அகலம் 10-லிருந்து 40 ஆனது, நீளம் 30-லிருந்து 120 ஆனது என்று வையுங்கள். 30 மில்லிமீட்டருக்கு எதிராக 90 கூடியிருக்கிறது, ஆகவே நீளம்தான் வேகம் என்று தோன்றும். இல்லை, இரண்டும் நான்கு மடங்கு, அசல் ஐசாக்ஸீசிஸ். மடங்கின் லாக்கை எடுத்து, நீளத்தினுடையதை அகலத்தினுடையதால் வகுத்தால் 1 வரும். அதே காய் 180 வரை நீண்டிருந்தால் ஆறு மடங்கு: 0.778-ஐ 0.602-ஆல் வகுத்தால் 1.29, டாக்கி. 90-இல் நின்றிருந்தால் 0.79, பிராடி.

முதல் அளவையும் கடைசி அளவையும் மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆரம்பத்தில் 10 மில்லிமீட்டரை 11 என்று படித்துவிட்டாலே மேலே சொன்ன 1 என்பது 1.07 ஆகிவிடும், பெரிய காயில் அதே ஒரு மில்லிமீட்டர் தப்பு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே பிஞ்சை அளக்கும்போதுதான் நிதானம் வேண்டும், முடிந்தால் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். எல்லா நாளின் லாக்குகளையும் எக்செல்லில் இரண்டு வரிசையாகப் போட்டு ஸ்லோப் ஃபங்ஷனைக் கொடுத்தால் சரிவு வந்துவிடும், மேலே வகுத்து எடுத்த எண்ணின் இடத்தில் இதை வைத்துக்கொள்ளலாம்; முதலில் நீள வரிசை, பிறகு அகல வரிசை. மாற்றிக் கொடுத்தால் டாக்கி பிராடியாகிவிடும்!

இன்னொரு பொறி இருக்கிறது. நீளத்தோடு அகலத்தை ஒப்பிடும்போதுதான் சமத்துக்கு எண் 1. இலையின் பரப்பை நீளத்தோடு ஒப்பிட்டால் சமம் என்பது 2, காயின் எடையை ஒப்பிட்டால் 3 (உள்ளே அடர்த்தி மாறாதவரை), ஏனென்றால் சாயல் மாறாமல் நீளம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, கனஅளவு எட்டு மடங்கு. எடைக் கணக்கில் 2.6 வந்ததும் 'ஆகா, டாக்கி' என்று குதிக்க வேண்டாம், அது பிராடி.

அந்த லாக் புள்ளிகளை வரைபடத்திலும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். நேர்கோடாக விழுந்தால் அந்த ஒரே எண் போதும். நடுவில் முழங்கை மாதிரி மடங்கினால், பிஞ்சுப் பருவத்தில் ஒரு வீதமும் பிறகு வேறு வீதமும் இருந்திருக்கலாம். அப்போது மடங்கிய நாளில் வெட்டி, இரண்டு பாதிக்கும் தனித்தனியாகச் சரிவைக் கணக்கிடுங்கள்.