பேய் வேஷ ஆசையை வேலையாக்க நினைக்கிறீர்களா?

சின்ன வயதில் முகத்தில் ரத்தக்காயம் வரைந்து வீட்டாரை அலறவிட்டவரா நீங்கள்? அந்த ஆசையை விட்டுவிடாதீர்கள். ஒப்பனைக்காக ஏழு ஆஸ்கர் வாங்கிய ரிக் பேக்கரும் சிறுவயதிலேயே அரக்க முகங்கள் செய்து பழகியவர்தான். பதின்ம வயதிலேயே மூத்த கலைஞர் டிக் ஸ்மித்தைத் தொடர்புகொண்டு, பிறகு அவரிடமே உதவியாளராக வேலை பார்த்தார்.

பொய்க் காயம் செய்து தொடங்குவதற்குத் திரவ லேடெக்ஸும் (தோலில் பூசும் ரப்பர் பால்) டிஷ்யூ காகிதமும் போதும். காகிதத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். பிசிறான ஓரம்தான் தோலோடு சேர்ந்து மறையும். லேடெக்ஸை மெல்லிய பூச்சாகப் பூசிக் காகிதத்தை ஒட்டி, முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. அப்புறம் பவுடர் தூவுங்கள், இல்லையென்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லேடெக்ஸ் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், முன்தினமே முன்கையில் துளி வைத்தும் பாருங்கள். புருவத்தில் படவே விடாதீர்கள்.

நிறத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடிபட்ட இடம் முதலில் சிவக்கும், பிறகு நீலமும் ஊதாவுமாகக் கன்றும், ஆறும்போது பச்சை, மஞ்சளாக மாறும். இதைக் கவனித்து வரைபவரின் வேலை தனியாகத் தெரியும்.

வேலை தேடும்போது முடிந்த முகத்தை மட்டும் காட்டாதீர்கள். முகத்தில் ஒட்டும் துண்டுக்காகச் செய்த களிமண் உருவம், அதிலிருந்து எடுத்த அச்சு, ஒட்டிய ஓரத்தின் நெருக்கமான படம் எல்லாம் இருக்கட்டும். குறும்படம் எடுப்பவர்களிடமும் நாடகக் குழுக்களிடமும் நீங்களே போய்க் கேளுங்கள்.