கைராசியும் கைப்பழக்கமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கன்று வாங்க வேண்டுமென்றால் பலரும் சந்தூருக்குத்தான் வண்டியை விடுவார்கள். அந்தப் பக்கத்து நர்சரி ஒன்றில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒட்டுக் கட்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். “அவருக்குக் கைராசி” என்று ஊரில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஒருநாள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளக்கிறார். தாய்மரத்திலிருந்து அதே பருமனில் எடுத்த செந்தூராக் குச்சியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவிப் பிளவில் செருகுகிறார். பட்டையும் பட்டையும் நேராகச் சேர வேண்டும். அப்புறம் பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்றுகிறார். இதுவரை எல்லோரும் செய்வதுதான். ஆனால் இவர் வரிசையின் முனையில் தேதி எழுதிய குச்சி ஒன்றையும் நட்டு வைக்கிறார். மூன்று வாரம் கழித்து வந்து, துளிர்க்காமல் கருகியவற்றைப் பிரித்துப் பார்க்கிறார். சீவல் மேடுபள்ளமாக இருந்ததா? நாடா தளர்ந்து தண்ணீர் இறங்கியதா? குச்சியே சரியில்லையா? பக்கத்து வரிசைக்காரர் இவரைவிட வேகம், அனுபவமும் கூட. ஆனால் அவர் கட்டியதில் கருகியதை வேறொரு ஆள் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுகிறார். தன் கை எங்கே பிசகியது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை.

கைராசி என்று பெயர் வைத்துவிட்டால் அந்தத் தேதிக் குச்சி யார் கண்ணிலும் படாது. திறமை எப்படி வருகிறது என்பதில் நாம் செய்யும் முதல் தவறு அதுதான்.

அடுத்தது, மணிக்கணக்கு. பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் வல்லவராகலாம் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் வேறு இருவரும் சேர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய எண் இது. பெர்லினில் வயலின் படித்த மாணவர்களில் மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் தனியாகப் பயிற்சி செய்த நேரம் சராசரியாகப் பத்தாயிரம் மணியைத் தாண்டியிருந்தது. சராசரி என்ற சொல்லைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். அர்ஜென்டினாவின் சதுரங்க வீரர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வில், மாஸ்டர் நிலையை ஒருவர் சுமார் 3,000 மணி நேரத்தில் எட்டியிருக்கிறார். இன்னொருவருக்கு 23,000க்கு மேல் ஆகியிருக்கிறது. எரிக்சன் அழுத்திச் சொன்னது வேறு: தனக்கு வராததை எடுத்து, தவறு தெரியும்படி வைத்துக்கொண்டு, திருத்தித் திருத்திச் செய்ய வேண்டும்.

அதை நான் செய்யவில்லை. தருமபுரியில் டைப்ரைட்டிங் போன காலத்தில் ஒரு வருடம் அதே பக்கங்களை, அதே வேகத்தில், சுகமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் சிவப்பு மையில் பிழைகளைச் சுழித்துக் கொடுப்பார். நான் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். ஒருநாள் “உனக்கு எந்த எழுத்தில் விரல் தடுக்குது?” என்று கேட்டார். தெரியவில்லை. பழைய தாள்களை விரித்துப் பார்த்தால் பாதிப் பிழை இடது சுண்டுவிரலில். டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வு எழுதிவிட்டு மதிப்பெண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் பகிரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்தத் தாள்கள்தான் ஞாபகம் வரும். 200 கேள்வியில் தவறிய 60தான் சொத்து. அதைத்தான் தூக்கிப் போடுகிறார்கள்.

நினைவாற்றல் வகுப்பில் சேர்த்தால் பிள்ளை எல்லாப் பாடத்திலும் தேறிவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே நிறைய. எரிக்சன் வேறு இருவருடன் சேர்ந்து 1980இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கல்லூரி மாணவர் வருகிறார். ஒருமுறை கேட்டு 7 இலக்கம் ஒப்பித்தவர், இருநூறு மணி நேரத்துக்கு மேல் பழகி 79 வரை போனார். ஓட்டக்காரர் என்பதால் இலக்கங்களை ஓட்டப்பந்தய நேரங்களாக மாற்றி மனதில் வைத்துக்கொண்டார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் மறுபடி ஆறுக்கு வந்துவிட்டார்! எதைப் பழகினோமோ அதுதான் வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பிறவித் திறமை என்று ஒன்றுமே இல்லை என்று கிளம்புவதும் தவறுதான். 88 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த கணக்கின்படி, ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் பயிற்சி விளக்குவது இசையில் 21 சதவீதம், விளையாட்டில் 18 சதவீதம். மிச்சத்தில் உடல்வாகு, தொடங்கிய வயது, கிடைத்த ஆசிரியர் எல்லாம் இருக்கலாம். கைப்பந்தில் உயரம் போதாத பையனிடம் “நீ உழைக்கலை” என்பது அநியாயம். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று நாம் எடுத்துவிடும் பழைய பாட்டிலேயே, கடைசியில் நட்பு, தயை, கொடை ஆகியவை பிறவிக் குணம் என்று வருகிறது. முதல் அடியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கிளம்பும்போது ஒட்டுக்காரரிடம், “ஊரில் கைராசி என்கிறார்களே, நீங்கள் மறுத்துச் சொல்வதில்லையா?” என்று கேட்டேன். நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தபடியே சொன்னார்: “அந்தப் பேருக்குத்தான் கன்னு விக்குது. இருந்துட்டுப் போகட்டும் விடுங்க.”