சங்கத்தின் கோரிக்கையை அரசாணை வரை கொண்டு சேர்ப்பது எப்படி?

அரசின் கொள்கை முடிவுகளில் பெரிய தொழில் கூட்டமைப்புகளுக்கு இருக்கும் செல்வாக்குக்குப் பணம் மட்டுமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பணத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம். ஆனால் அவற்றின் அன்றாட பலம், எந்த முடிவு எந்தத் துறையில், எந்தக் கோப்பில், எந்த மாதத்தில் உருவாகிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிறது. ஒரு சிறுதொழில் சங்கமோ கடைத் தொழிலாளர் அமைப்போ, அரசிதழில் அறிவிப்பு வெளியான பிறகே விஷயத்தை அறிந்து, அதன் பிறகே கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, மனு எழுதுகிறது. அதற்குள் முடிவு கெட்டிப்பட்டுவிடுகிறது. கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், முடிவு இன்னும் திறந்திருக்கும் நேரத்தில் உரிய மேசைக்குப் போய்ச் சேராவிட்டால் அதற்குப் பயன் இல்லை. சிறிய அமைப்புகள் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் மேசையைக் கண்டுபிடியுங்கள்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழில் இதற்கு நல்ல உதாரணம். பத்து ரூபாய்க்கு விற்கும் இறக்குமதி பிளாஸ்டிக் லைட்டர்கள் தீப்பெட்டி விற்பனையைப் பிடுங்கிக்கொண்டபோது, உற்பத்தியாளர்கள் தங்கள் துயரத்தை யாரிடம் சொல்வது? மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். அவரால் அதை மேலே அனுப்பத்தான் முடியும். வெளிநாட்டு வணிகம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. எனவே மாநிலச் சட்டமன்றமும் லைட்டர் இறக்குமதியைத் தடுக்க முடியாது. அதற்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டமும் தேவையில்லை. 1992-ஆம் ஆண்டு வெளிநாட்டு வணிகச் சட்டத்தின் கீழ், ஒன்றிய வணிக அமைச்சகத்தில் உள்ள வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். ஆக, தட்ட வேண்டிய கதவு அந்த ஒன்றுதான். மற்ற கதவுகளின் வேலை, அந்தக் கதவுக்கு வலுவான பரிந்துரையை அனுப்புவது.

நடந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், ஒருமுறை பயன்படுத்தும் லைட்டர்களைத் தடை செய்யக் கோரி ஒன்றிய வணிக அமைச்சர் பியூஷ் கோயலுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் 29 அன்று, 20 ரூபாய்க்குக் குறைந்த இறக்குமதி மதிப்புள்ள லைட்டர்களுக்குத் தடை வந்தது. மாநில அரசின் கையில் அதிகாரம் இல்லாவிட்டாலும் அதன் குரலுக்கு எடை உண்டு என்பதை இதில் கவனியுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரையும் இதே நோக்கில்தான் பார்க்க வேண்டும். அவரிடம் தடை உத்தரவை எதிர்பார்க்காமல், அவையில் ஒரு கேள்வியையும் அமைச்சரிடம் ஒரு சந்திப்பையும் கேளுங்கள்.

அதே தீப்பெட்டித் தொழிலில் வரி பற்றிய கோரிக்கை என்றால் பாதை முற்றிலும் மாறிவிடும். ஜிஎஸ்டி விகிதத்தை ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்கிறது. அதில் வாக்குகளின் எடையில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கும், மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கும் உண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அங்கே மாநில நிதியமைச்சர் பரிந்துரைக் கடிதம் எழுதுபவராக இருப்பதில்லை, முடிவெடுப்பவர்களில் ஒருவராகவே இருக்கிறார். கவுன்சில் கூடுவதற்கு முன்பு விகித மாற்றங்களை அலசும் அதிகாரிகள் குழு ஒன்றும் உண்டு. உங்கள் கணக்கு அந்தக் குழுவின் கைக்குப் போயிருக்காவிட்டால், கூட்டத்தன்று அமைச்சர் நினைத்தாலும் அதை எழுப்புவது கடினம்.

யாருக்காகப் பேசுகிறீர்கள்?

எந்த அதிகாரியும் மனத்துக்குள் கேட்கும் முதல் கேள்வி இது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு, உறுப்பினர் பட்டியல், பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல் ஆகியவை இருந்தால் பதில் எளிது. ஆனால் காகிதத்தைவிடக் கடினமானது உள்முரண். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதமும் மற்றவற்றுக்கு 18 சதவீதமும் வரி இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் அனைத்துக்கும் 12 சதவீதம் ஆனது. இயந்திர ஆலைக்கு அது ஆறு சதவீதப் புள்ளி இறக்கம், கையால் செய்பவருக்கு ஏழு சதவீதப் புள்ளி ஏற்றம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் 'தீப்பெட்டித் தொழில்' என்று ஒன்றாகத் தெரிவதற்குள் இப்படி எதிரெதிர் நலன்கள் இருக்கின்றன. அவற்றை உங்கள் அறைக்குள் பேசித் தீர்க்காமல் கோட்டைக்குப் போனால், இரு தரப்பும் தனித்தனி மனு கொடுக்கும்; கோப்பில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். லைட்டர் விஷயம் வேறு. அதில் கையால் செய்பவரும் ஆலை முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். எல்லோரும் ஒன்றாக நிற்கக்கூடிய கோரிக்கையை முதலில் எடுத்துக்கொண்டு, பிளவுபடுத்தும் கோரிக்கையை உள்விவாதத்துக்கு வையுங்கள் என்று எந்தச் சங்கத்துக்கும் சொல்வேன்.

மனு எழுதும் முறை

தலைமைச் செயலகத்தில் அமைச்சரிடம் நீங்கள் நேரில் கொடுக்கும் மனு, புகைப்படம் எடுத்து முடிந்ததும் துறைக்குப் போகிறது. அங்கே உதவிப் பிரிவு அலுவலர் அதைக் கோப்பில் சேர்த்துக் குறிப்பு எழுத, அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர் என்று ஒவ்வொரு படியாக ஏறி, துறைச் செயலாளரிடம் சேர்கிறது. ஆகவே மனுவை அமைச்சரை மனத்தில் வைத்து எழுதாதீர்கள். அந்தக் குறிப்பை எழுதப்போகும் அலுவலரை மனத்தில் வைத்து எழுதுங்கள். உங்கள் வாசகத்தை அவர் அப்படியே தம் குறிப்பில் எடுத்தெழுத முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம். 'எங்கள் வாழ்வாதாரத்தை அழிக்கும் சீன லைட்டர்களை அரசு உடனே தடுத்து நிறுத்த வேண்டும்' என்பது மேடைக்கு ஏற்ற வாக்கியம். 'சுங்கத் தலைப்பு 9613-இன் கீழ் வரும் பாக்கெட் லைட்டர்களின் இறக்குமதி நிலையை, குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழ், தடையற்றது என்பதிலிருந்து தடைசெய்யப்பட்டது என மாற்றக் கோருதல்' என்பது கோப்புக்கு ஏற்ற வாக்கியம். இரண்டாவதில் எந்தப் பொருள், எந்த விதி, என்ன மாற்றம் என்பவை தெளிவாக இருப்பதால், படிப்பவர் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. இதன் கீழே எத்தனை பேருக்கு வேலை, அவர்களில் பெண்கள் எவ்வளவு, எந்த வட்டங்களில் இருக்கிறார்கள், அரசுக்கு எவ்வளவு வருவாய் கூடும் அல்லது குறையும் என்று ஒரு பக்கத்துக்குள் சொல்லுங்கள். அரசுக்கு வருவாய் குறையும் என்றால் அதை மறைக்காதீர்கள். நிதித் துறை எப்படியும் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த பிறகு உங்கள் மற்ற எண்களையும் நம்பாது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் அதற்கான பதிலையும் நீங்களே எழுதிவிடுவது நல்லது.

எந்த மாதத்தில் போவது?

ஒன்றிய பட்ஜெட் பிப்ரவரி 1 அன்று தாக்கலாகிறது. அதில் வரி மாற்றம் வேண்டுமென்றால் நவம்பருக்குள் கோரிக்கை போயிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்ஜெட்டுக்குப் பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை (அந்தத் துறைக்கான செலவு ஒதுக்கீடு) விவாதம் நடக்கும்; ஒவ்வொரு துறையும் அதற்கென ஒரு கொள்கை விளக்கக் குறிப்பை வெளியிடும். உங்கள் துறையின் குறிப்பைச் சென்ற ஆண்டிலிருந்து எடுத்து வரி வரியாகப் படியுங்கள். அமைச்சர்கள் புதிய அறிவிப்புகளை அந்த விவாதத்தின்போது வெளியிடுவது வழக்கம் என்பதால், அதற்குச் சில மாதங்கள் முன்பே துறைச் செயலாளரைச் சந்திப்பது பயன் தரும்.

ஒன்றிய அரசின் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. அதற்குச் சட்டத்தின் வலிமை இல்லாததால் பல மசோதாக்கள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. இருந்தாலும் வரைவு வெளியானால் அந்த 30 நாளை வீணாக்கக் கூடாது. மசோதா நாடாளுமன்றத்தின் 24 துறைசார் நிலைக்குழுக்களில் ஒன்றுக்கு அனுப்பப்பட்டால், குழு கருத்து கேட்டு விளம்பரம் செய்யும். எழுத்து மூலம் கருத்து அனுப்பி, நேரில் சாட்சியம் அளிக்கவும் விரும்புவதாகத் தெரிவியுங்கள்.

யாரும் கவனிக்காத இன்னொரு இடம் ஆலோசனை வாரியங்கள். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பெண்களின் கால் வலியை நம்மில் பெரும்பாலோர் கண்டும் காணாமல்தான் கடந்திருக்கிறோம். கேரளத்தில் கோழிக்கோட்டின் 'பெண்கூட்டு' அமைப்பு இதற்காகப் பல ஆண்டுகள் போராடியது. 2018-இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கும் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா வந்தது. அந்த மசோதாவின் நோக்கவுரையைப் படித்தால், 2019 செப்டம்பரிலேயே மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் இதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டிருந்தது தெரியவரும். இடையில் ஆட்சி மாறியது, கோப்பு நிலைத்தது. தொழிற்சங்கமும் முதலாளிகளும் அரசும் ஒன்றாக உட்காரும் இத்தகைய வாரியத்தில் ஒரு பரிந்துரை பதிவாகிவிட்டால், அது எந்தக் கட்சியின் கொடியும் இல்லாமல் அடுத்த அரசுக்கும் போய்ச் சேரும். உங்கள் துறைக்கு எந்த வாரியம் இருக்கிறது, அதில் உங்கள் தரப்பு உறுப்பினர் யார் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் செலவில் கேட்டறியலாம்.

முடிவு வந்துவிட்ட பிறகு திருப்புவது இதைவிடக் கடினம், ஆனால் முடியாதது இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் ஒரே குரலில் எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இவ்வளவு விரைவாக நடந்ததற்குக் காரணம், எதிர்ப்பு ஆட்சிக்கு வெளியிலிருந்து மட்டும் வராமல் ஆட்சியைத் தாங்கியவர்களிடமிருந்தும் வந்ததுதான். அந்த அளவு துணை இல்லாத சிறு சங்கம், மசோதா அவைக்கு வரும் முன்பே பேசிவிடுவதே நல்லது.

பணமும் வெளிப்படைத்தன்மையும்

அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசிடம் கட்டணத்துக்குப் பேசுபவர்கள் பதிவு செய்துகொண்டு யாருக்காகப் பேசுகிறோம் என்பதை அறிவிக்க வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. யார் யாரைச் சந்தித்தார்கள் என்பது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. கட்சிகளுக்கு யார் நன்கொடை கொடுத்தார்கள் என்பது பொதுமக்களுக்குத் தெரியாதபடி வைத்திருந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, நிறுவனங்களின் நன்கொடை கொள்கை முடிவுகளை வளைக்கும் அபாயத்தை அது நேராகப் பேசியது. இந்தக் குறைபாடு எனக்கு ஆழ்ந்த கவலை தருகிறது. உங்கள் சங்கம் அந்த வழியில் ஒரு அடிகூட வைக்க வேண்டாம். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் நேரடியான குற்றம். அதற்கு மேல், ரகசியமாகப் பெற்ற சலுகையை அடுத்த அதிகாரி ஒரே கையெழுத்தில் எடுத்துவிட முடியும். மனுவையும் கணக்கையும் வெளியிட்டு, ஊரறியப் பெற்ற முடிவைக் காக்கப் பலர் வருவார்கள்.

அறிவிக்கைக்குப் பின்

லைட்டருக்குத் தடை வந்த பிறகு உதிரிபாகங்களைக் கொண்டுவந்து இங்கே பொருத்தி விற்பது புதிய வழியானது. 2024 அக்டோபரில் அந்த உதிரிபாக இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. முதல் அறிவிக்கையோடு சங்கங்கள் கலைந்து போயிருந்தால் அந்த ஓட்டையை யாரும் எடுத்துக்காட்டியிருக்க மாட்டார்கள். உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டதும், அதைக் கண்காணிக்க இருவரைப் பொறுப்பாக நியமித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை துறைக்கு நிலவரக் கடிதம் அனுப்புங்கள். கடைகளில் இருக்கை வைக்கும் விதியைப் பொறுத்தவரை, உங்கள் மாவட்டத்தில் தொழிலாளர் துறை எத்தனை கடைகளை ஆய்வு செய்தது, எத்தனை கடைகள் மீது நடவடிக்கை எடுத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பதிலை அதே கடைகளில் வேலை செய்பவர்களிடம் காட்டி, அது சரிதானா என்று விசாரித்து, தவறு இருந்தால் அடுத்த ஆலோசனை வாரியக் கூட்டத்துக்கு முன்பு எழுத்தில் கொடுங்கள்.