மார்சியானோவை இன்றைய ரிங்கில் இறக்கிப் பார்ப்பது எப்படி?

1950-களின் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டைச் சாம்பியன் ராக்கி மார்சியானோ: 49 சண்டை, 49 வெற்றி, 43 நாக்அவுட். "இன்றைய ஹெவிவெயிட்களிடம் அவர் தாங்குவாரா?" என்று யாராவது கேட்டால் போதும், பேச்சு கத்தலில்தான் முடியும். எனக்கு அந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை வேண்டியிருந்தது. அதற்காக நான் அமைத்துக்கொண்ட முறைதான் இது. எந்தக் காலத்துச் சாம்பியனுக்கும் பொருந்தும். ஜாப், ஹூக் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த மார்சியானோ என்று முடிவு செய்யுங்கள்

1955 செப்டம்பரில் ஆர்ச்சி மூரை 9-வது ரவுண்டில் வீழ்த்திய அதே ஆளை, அதே உடம்போடு கொண்டுவருகிறீர்களா? இல்லை, இந்தக் காலத்தில் பிறந்து, இன்றைய சாப்பாட்டிலும் பயிற்சியிலும் வளர்ந்த ஒருவரையா? இரண்டாவது ஆளை யாரும் பார்த்ததில்லை. அவரைப் பற்றி என்ன சொன்னாலும் அது கற்பனைதான். நான் எப்போதும் முதல் ஆளைத்தான் எடுப்பேன். பாதி விவாதத்தில் ஆளை மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

படி 2: எடையை விடக் கை நீளத்தைப் பாருங்கள்

அளவுகளுக்கு, குத்துச்சண்டை வீரர்களின் பதிவுகள் உள்ள பாக்ஸ்ரெக் தளம் போதும். மார்சியானோ சுமார் 5 அடி 10 அங்குலம், 185 பவுண்டு வாக்கில். இன்று 200 பவுண்டு வரை க்ரூசர்வெயிட், அதாவது ஹெவிவெயிட்டுக்குக் கீழான பிரிவு. அந்தப் பிரிவே 1970-களின் கடைசியில்தான் வந்தது. ஆக, இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே இல்லை.

பலர் இங்கேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். 1919-ல் 187 பவுண்டு ஜாக் டெம்ப்சி, 245 பவுண்டு ஜெஸ் வில்லார்டை நொறுக்கினார். 1935-ல் ஜோ லூயிஸ், தன்னைவிட 60 பவுண்டுக்கு மேல் கனமான பிரிமோ கார்னெராவை வீழ்த்தினார். 2024-ல் ஓலெக்சாண்டர் உசிக், 6 அடி 9 அங்குல டைசன் ஃபியூரியை இரண்டு முறை வென்றார். இரண்டாவது முறை எடை வித்தியாசம் சுமார் 55 பவுண்டு.

ஆனால் வென்ற இந்த மூன்று பேருக்குமே கை நீளம் (இரு கைகளையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை) 76 அங்குலம் அல்லது அதற்கு மேல். மார்சியானோவுக்கு 68 தான். அதுவும் தாராளக் கணக்கு. உண்மையான சிக்கல் இதுதான். அவருக்கு நெருக்கமான உதாரணம் மைக் டைசன்: அதே உயரம், 71 அங்குலக் கை. டைசன் உயரமானவர்களை வென்றார், சரி. ஆனால் அவரிடம் மார்சியானோவைவிட 30 பவுண்டு தசை கூடுதலாக இருந்தது, வேகமும் அதிகம்.

படி 3: எந்தக் காலத்து விதி?

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. உடம்பை ஒப்பிடுவது எளிது. விதி மாறினால் வரலாறே மாறும் என்பது சட்டென்று கண்ணில் படாது.

1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட் முதல் ரவுண்டிலேயே மார்சியானோவைத் தரையில் விழவைத்தார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் வால்காட்தான் முன்னே. 13-வது ரவுண்டில் வலது கையால் ஒரே ஒரு குத்து, பட்டம் கைமாறியது. அன்று 15 ரவுண்டு விதி இருந்தது. இன்றைய 12 ரவுண்டு விதிப்படி அன்றிரவு வால்காட் சாம்பியனாகவே வீட்டுக்குப் போயிருப்பார். 49-0 என்ற எண்ணே இருக்காது.

ஜோ லூயிஸுக்கும் இதேதான். 1941-ல் பில்லி கான் புள்ளியில் முன்னே இருந்தபோது, அதே 13-வது ரவுண்டில்தான் லூயிஸ் அவரை வீழ்த்தினார்.

15 ரவுண்டு 12 ஆனதற்குக் காரணம் ஒரு மரணம். 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ, 14-வது ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்தார். உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் உடனே குறைத்தது, மற்ற அமைப்புகள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பின்தொடர்ந்தன. குறைத்தது சரியான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று, ரத்தக் காயம். 1954-ல் எஸ்ஸார்ட் சார்ல்ஸுடனான இரண்டாவது சண்டையில் மார்சியானோவின் மூக்கு பிளந்துவிட்டது. அவர் 8-வது ரவுண்டில் நாக்அவுட் செய்து தப்பித்தார். இன்றைய ரிங் மருத்துவர் அதுவரை விட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

அதே சமயம், 12 ரவுண்டுதான் என்று தெரிந்தால் மார்சியானோவும் முன்னதாகவே வேகம் கூட்டியிருப்பார். அவருக்கு மூச்சு ஒரு பிரச்சினையே இல்லை. இதையும் கணக்கில் சேருங்கள்.

படி 4: படத்தைப் பாருங்கள்

தொகுப்பு வீடியோ வேண்டாம், முழுச் சண்டை பாருங்கள். யூடியூபில் வேகத்தைக் குறைத்து, எதிராளியின் ஜாபை (முன்கையை நேராக நீட்டி அடிக்கும் குத்து) தாண்டி எத்தனை முறை உள்ளே நுழைகிறார் என்று காகிதத்தில் கோடு போடுங்கள். எக்செல் வேண்டாம், கண் திரையை விட்டு நகரக்கூடாது.

மௌனப் படக் காலத்துச் சண்டைகளில் கவனம் தேவை. அப்போது நொடிக்கு 16 ஃபிரேம் அளவில் கையால் சுழற்றி எடுத்தார்கள். அதை 24-ல் ஓட்டினால் டெம்ப்சி பொம்மை போலத் துள்ளுவார். 0.75 வேகத்தில் பார்த்தால் ஓரளவு சரியாகும்.

என் விடை

க்ரூசர்வெயிட்டில் அவர் இன்றும் சாம்பியன் ஆவார். குனிந்தபடி வந்து, தலை கிடைக்காவிட்டால் எதிராளியின் கைகளையே அடித்து மரக்கவைக்கும் அந்தப் பாணிக்கு இன்றும் பதில் சொல்வது கடினம். ஹெவிவெயிட்டில் மெதுவான பெரிய ஆட்கள் சிலரை வீழ்த்துவார். உசிக் மாதிரி கால் ஓயாத இடதுகைக்காரரிடம் 12 ரவுண்டில் புள்ளியில் தோற்பார்.

பின்சேர்க்கை: "இதைக் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 1969-ல் முகமது அலியையும் மார்சியானோவையும் ரிங்கில் நடிக்கவைத்து, கம்ப்யூட்டர் கணித்த சண்டை என்று படமெடுத்தார்கள். அது திரைக்கு வரும் முன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். 1970-ல் அமெரிக்காவில் காட்டிய முடிவில் மார்சியானோ 13-வது ரவுண்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய முடிவில் அலி ஜெயித்தார். அதை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

இன்னொன்று: ஃபியூரியை 1952-க்கு அனுப்பினால் என்ன ஆகும் என்றும் கேட்கிறீர்கள். முறை அதேதான், ஆனால் படி 3-ல் தொடங்குங்கள். அவரைக் கடைசி மூன்று ரவுண்டுக்கும் நிற்கவைத்து, அன்றைய மெலிந்த கையுறையோடு யோசியுங்கள்.