சித்திரையில் ஒரு பனங்காட்டுக் காலை: நுங்கு வண்டியும் ஓலைக் காற்றாடியும் செய்யும் முறை

பங்குனி கடைசியில் தொடங்கி வைகாசி வரை தென் மாவட்டங்களில் பனை தன் செல்வத்தை அள்ளித் தரும். காலையில் பதநீர், பகலில் நுங்கு, விளையாட ஓலை என ஒரே மரம் ஒரு குடும்பத்தின் முழு நாளையும் நிறைத்துவிடும். ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டை ஒட்டிய எங்கள் ஊருக்குச் செல்வேன். நான் சிறுவனாக இருந்தபோது என் தாத்தா செய்து காட்டிய இரண்டு விளையாட்டுப் பொருள்களை அங்கே அவர்களோடு உட்கார்ந்து செய்வேன். இதற்கு முன் அரிவாளோ ஓலையோ தொட்டறியாத பெற்றோரும் செய்து பார்க்கும் வகையில் அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

புறப்படும் முன்

பதநீர் குடிக்க விரும்பினால் வெயில் ஏறுவதற்குள் தோப்பில் இருக்க வேண்டும். பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவதால்தான் வடியும் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கிறது. ஆயினும் நேரம் செல்லச் செல்ல அதன் சுவை மாறும் என்பதால், இறக்கியவுடன் குடிப்பதே நல்லது. முதல் நாளே பனையேறியிடம், "அண்ணாச்சி, நாளைக்குப் பிள்ளைகளோட வாறோம், ஒரு குலை நுங்கும் ரெண்டு ஓலையும் இறக்கித் தாங்க" என்று சொல்லி விலையையும் பேசி வைத்துவிடுங்கள். பேரம் பேசிக் குறைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அத்தனை உயரம் ஏறி இறங்கும் உழைப்புக்கு நாம் கொடுப்பது எப்போதும் குறைவுதான்.

பிள்ளைகளுக்குச் செருப்பு கட்டாயம் வேண்டும். கீழே கிடக்கும் மட்டையின் இரு ஓரங்களிலும் இருக்கும் கருக்கு இரம்பப் பல் போலக் காலைக் கிழித்துவிடும். குலையை வெட்டும்போது மரத்தடியில் ஒருவரும் நிற்கக் கூடாது. நுங்குத் தோலின் சாறு துணியில் கறையாகப் படிவதால் பழைய உடையே போதும். கையில் ஓர் அரிவாள், ஒரு சிறு கத்தி, கூரான இரும்புக் கம்பி ஒன்று ஆகியவை இருக்கட்டும். இவை மூன்றையும் பெரியவர்கள் மட்டுமே கையாள வேண்டும்.

நுங்கு வண்டி

இந்த வண்டியின் தரம் காயைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ஒரு நுங்கில் பெரும்பாலும் மூன்று கண்கள் இருக்கும். சிலவற்றில் இரண்டு அல்லது ஒன்று மட்டுமே இருக்கும். மூன்று கண் உள்ள காய்தான் ஏறத்தாழ உருண்டையாக இருக்கும். இரண்டு கண் காய் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால், அதைச் சக்கரமாக்கினால் வண்டி நொண்டிக்கொண்டே ஓடும். ஆகவே குலையிலிருந்து ஒரே அளவுள்ள மூன்று கண் காய்கள் இரண்டைத் தேடி எடுத்து முதலில் தனியே வைத்துவிடுங்கள். தின்பதற்கு மிக இளசான காய் இனிது. சக்கரத்துக்கோ தோல் சற்று இறுகிய காய் நல்லது.

காயின் காம்புப் பக்கத்தில் தொப்பி போல ஒட்டியிருக்கும் இதழ்களைப் பிய்த்து எடுங்கள். அதற்கு எதிர்ப்புறத்தில் கண்கள் வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் மேல் பகுதியைச் சீவ வேண்டும். காயில் மூன்றில் இரண்டு பங்காவது மீதமிருக்கட்டும். வெட்டித் தருபவர் பழக்கத்தில் ஆழமாகச் சீவிவிடுவார் என்பதால், "வண்டிக்கு வேணும், மேலாகச் சீவுங்க" என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. பிறகு பிள்ளைகள் பெருவிரலால் கண்ணைக் குத்தி உள்ளிருக்கும் நுங்கை உறிஞ்சி எடுக்கட்டும். கரண்டி கொடுத்துவிடாதீர்கள். முகமெல்லாம் நுங்கு நீர் வழிய உறிஞ்சுவதில்தான் அவர்களுக்குப் பாதி இன்பம். நுங்கு எடுத்த வெற்றுக் காயைச் சில ஊர்களில் கோந்தை என்பார்கள்.

இனி அச்சு. பென்சிலை விடச் சற்றுப் பருமனான, வளைவில்லாத வேப்பங்குச்சியையோ மூங்கில் குச்சியையோ ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெட்டி, பட்டையை உரித்து, இரு முனைகளையும் கூராக்கிக்கொள்ளுங்கள். கோந்தையின் காம்புப் பக்கத்தில் நடு மையத்தைப் பார்த்து இரும்புக் கம்பியால் முதலில் ஒரு துளை போடுங்கள். அந்தத் துளை, உள்ளே மூன்று கண்களையும் பிரிக்கும் சுவர்கள் கூடும் இடத்தை நோக்கி நேராகச் செல்ல வேண்டும். அந்த இடத்தில் நார் அடர்த்தியாக இருப்பதால் குச்சி இறுகப் பிடித்துக்கொள்ளும். பின்னர் அச்சின் ஒரு முனையை ஒரு கோந்தையிலும் மறு முனையை மற்றொன்றிலும் அழுத்திச் செருகுங்கள். சீவிய முகங்கள் இரண்டும் வெளியே பார்க்க வேண்டும். நடுவில் ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும்.

முதன்முறை செய்பவர்கள் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சக்கரம் சுழல வேண்டும் என்று எண்ணி அச்சைத் தளர்வாக விட்டுவிடுவார்கள். இந்த வண்டியில் சக்கரங்கள் அச்சின் மேல் சுழல்வதில்லை. இரண்டு சக்கரங்களும் அச்சும் ஒன்றாகவே உருளுகின்றன. அதனால் செருகிய குச்சி சிறிதும் அசையக் கூடாது. அசைந்தால் ஓலைக் கீற்றைச் சிறிதாகக் கிழித்துத் துளையின் ஓரத்தில் ஆப்பு போலச் செருகி இறுக்குங்கள். இரண்டு சக்கரங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சொன்னதற்கும் இதுவே காரணம். ஒரே அச்சில் சேர்ந்து உருளும்போது பெரிய சக்கரம் அதிக தூரம் கடப்பதால், வண்டி சிறிய சக்கரம் இருக்கும் பக்கமாக வளைந்து வளைந்து ஓடும்.

கடைசியாகத் தள்ளுகோல். முனையில் இரண்டாகப் பிரியும் கவைக்கம்பு ஒன்றைத் தேடுங்கள். இதற்காகப் பச்சை மரத்தை முறிக்க வேண்டியதில்லை. வேலி கழித்துப் போட்ட கிளைகளிலேயே கிடைத்துவிடும். கம்பின் நீளம் பிள்ளையின் தோள் உயரம் இருந்தால் குனியாமல் தள்ளலாம். கவையின் இரு கிளைகளும் நான்கு விரல் நீளத்துக்கு இருக்க, அவற்றின் இடைவெளியில் அச்சு உரசாமல் சுழல இடமிருக்க வேண்டும். கவையை அச்சின் நடுவில் பின்புறமாக வைத்து, கம்பைச் சாய்வாகப் பிடித்து, கீழ்நோக்கிச் சற்று அழுத்தியபடியே முன்னால் தள்ளினால் வண்டி ஓடும். அழுத்தாமல் வெறுமனே தள்ளினால் சிறு கல் தட்டினாலும் கவை அச்சைவிட்டு எகிறிவிடும். கவை பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருந்தால், அச்சின் நடுவில் இரு புறமும் பனைநாரால் சில சுற்றுகள் சுற்றி முடிச்சிடுங்கள். கவை அந்த இரு முடிச்சுகளுக்கு இடையே நின்றுவிடும்.

தேரி மணலில் இந்த வண்டி புதைந்துபோகும். இறுகிய மண் பாதையோ களமோ வேண்டும். என் மகள் முதல் ஆண்டு மணலிலேயே தள்ளித் தள்ளி அழுகைக்கு வந்துவிட்டாள். வண்டிப் பாதைக்குக் கூட்டிச் சென்றதும் அவளைப் பிடிக்க முடியவில்லை.

ஓலைக் காற்றாடி

இது சிறு வேலை. ஐந்து வயதுப் பிள்ளையும் கூட இருந்து செய்யலாம். பனை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலையே விடுவதால், நடுவில் இருக்கும் குருத்தை விளையாட்டுக்காக வெட்டச் சொல்லாதீர்கள். விரிந்து பசுமையாக இருக்கும் ஓலை ஒன்றே போதும்.

ஓலையிலிருந்து ஓர் இதழைப் பிரித்து, அதன் நடுவில் ஓடும் ஈர்க்கை நீக்குங்கள். இரண்டு விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள ஒரு கீற்று கிடைக்கும். அதைக் கிடையாக உங்கள் முன் பிடித்து, வலப் பாதியில் மேல் விளிம்பையும் இடப் பாதியில் கீழ் விளிம்பையும் உங்களை நோக்கி ஒரு விரற்கடை அகலத்துக்குச் சாய்வாக மடியுங்கள். மடிப்பு பாதி நிமிர்ந்து நிற்க வேண்டும். முழுவதும் படிந்துவிடக் கூடாது. இரண்டு பாதியிலும் மேல் விளிம்பையே மடித்துவிட்டால், ஒரு பக்கம் காற்று தள்ளுவதை மறுபக்கம் எதிர்த்துத் தள்ளுவதால் காற்றாடி அசையாமல் நின்றுவிடும். ஓடாத காற்றாடியைப் பிள்ளை கொண்டுவந்து நீட்டினால் முதலில் இதையே பாருங்கள்.

கீற்றின் நட்ட நடுவில் முள்ளின் பருமனைவிடச் சற்றுப் பெரிய துளை இடுங்கள். நீளமான வேலமுள் ஒன்றை, மடிப்புகள் நிமிர்ந்திருக்கும் முன்புறத்திலிருந்து நுழையுங்கள். முள்ளின் அடிப்பகுதி தடித்திருப்பதால் கீற்று கழன்று விழாது. பின்புறத்தில் சிறு ஓலைத் துண்டு ஒன்றைக் கோத்து, முள்ளின் கூர்முனையைச் சோளத்தட்டையின் பக்கவாட்டில், மென்மையான உட்சோற்றுக்குள் பதியுமாறு குத்துங்கள். முனை மறுபுறம் வெளியே வந்தால் நறுக்கிவிட வேண்டும். மடிப்பு இருக்கும் பக்கத்தைக் காற்றுக்கு எதிரே காட்டிக்கொண்டு ஓடினால் சரசரவென்று சுற்றும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு

தோப்புக்குப் போக இயலாதவர்கள் வருந்த வேண்டாம். கோடையில் சென்னைத் தெருக்களிலும் நுங்கு விற்பவர்கள் உண்டு. மேலாகச் சீவிய மூன்று கண் காய்கள் இரண்டு வேண்டும் என்று கேட்டால், பிள்ளை கூட நிற்பதைப் பார்த்தே அவர்கள் பொறுக்கித் தருவார்கள். அச்சுக்கு மூங்கில் குச்சி கடையில் கிடைக்கும். கவைக்கம்புக்கு மட்டும் பூங்காவில் உதிர்ந்து கிடக்கும் கிளைகளைத் தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

வண்டி மூன்று நான்கு நாள்தான் ஓடும். அதன்பின் கோந்தை காய்ந்து சுருங்க, துளை பெரிதாகி அச்சு ஆடத் தொடங்கும். எங்கள் ஊரில் அதுவரை காத்திருப்பதில்லை. சக்கரம் ஈரமாக இருக்கும்போதே, இரண்டாம் நாள் மாலையில் அச்சை உருவிவிட்டுக் கோந்தைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி மாட்டுத் தொட்டிக்குப் போட்டுவிடுவார்கள். கவைக்கம்பை மட்டும் என் மகன் கூரை இறவாரத்தில் செருகி வைத்திருக்கிறான். மறுநாள் குலை இறங்கும்போது அதே கம்பு வேண்டுமாம்.